தாய் சேர்க்கும் கொழுப்பு

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டிச் சிறிது தொலைவில் ரஞ்சன்குடிக் கோட்டை உங்கள் கண்ணில் படும். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட இடம் அது. முற்றுகை வருமுன்பே தானியத்தைச் சேர்த்து வைப்பது கோட்டையைக் காப்போரின் வழக்கம். கருவுற்ற பெண்ணின் உடலும் இதைத்தான் செய்கிறது. அது சேர்த்து வைக்கும் தானியம் கொழுப்பு.

ஒரு பெண்ணுக்கு மகப்பேற்றுக் காலத்தில் 12.5 கிலோ எடை கூடுவதாகக் கொள்வோம். அவ்வளவும் எங்கே போகிறது? ஆய்வாளர் ஹைட்டன் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ. வளர்ந்த கருப்பை, மார்பகம், பெருகிய இரத்தம், மற்ற நீர் ஆகியவை 4 கிலோவுக்குச் சற்று மேல். மிச்சம் மூன்றேகால் கிலோ தாயின் உடலில் சேரும் கொழுப்பு. இதன் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களிலேயே சேர்ந்துவிடுகிறது. கடைசி மாதங்களிலும், பிறகு பால் கொடுக்கும்போதும் அது செலவாகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 10 முதல் 12 கிலோ கூடினால் போதும் என்பார்கள். மெலிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும், முன்பே பருமனாக இருப்பவர்களுக்குக் குறைவாகவும் வேண்டும். பருமனானவர்களும் கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து இளைக்க முயலக் கூடாது.

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்பார் மாமியார். "அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இரண்டு பேச்சும் அன்பில் பிறந்தவைதாம். ஆனால் இரண்டிலும் ஆபத்து உண்டு. தாய் குறைத்து உண்டால் குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கலாம். எடை அளவு மீறினால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்க்கும். கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியச் சென்னை மருத்துவர் வி. சேஷையா எளிய சோதனையொன்றைப் பரப்பினார். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்க வேண்டும். 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனம் தேவை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை என்பதால் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு வசதி.

கூடுதலாகத் தேவைப்படும் உணவு எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவே!

இனி எண்ணெய்க்கு வருவோம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி போதும் என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நெய், வெண்ணெயும் இந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும்.

அளவைப் போலவே வகையும் முக்கியம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலங்கள் தேவை; கடைசி மூன்று மாதங்களில் இத்தேவை மிகுதி. உடம்பு இவற்றைத் தானே தொடக்கத்திலிருந்து உண்டாக்கிக்கொள்ள முடியாது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இவை இல்லை என்றே சொல்லலாம். நெய்யிலும் சொற்பமே. மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் நிறைய உண்டு. (சுறா வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும்.) கடலில்லாத பெரம்பலூர்ச் சீமையில், மீன் உண்ணாத வீட்டில் என்ன செய்வது? கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, வெந்தயம், கீரை ஆகியவற்றில் இவ்வகை அமிலம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிறிதளவுதான், ஆனால் நாள்தோறும் உண்பதால் சேர்கிறது. உடம்பு இதில் ஒரு பங்கையே மூளைக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மானாவாரிக் காட்டில் விளைந்த கம்பைக் கூழாக்கிக் குடிப்பதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம்தான்.

முருங்கைக்கீரையைத் தாளிக்காமல் வேகவைத்து மட்டும் உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள கரோட்டீன் உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் தேவை. வனஸ்பதியையும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய பலகாரக்கடை எண்ணெயையும் தள்ளிவிடுங்கள்.

மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். நான்காம் மாதத்திற்குப் பின் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் கூடுவது இயல்பு. ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது கொழுப்பல்ல, உடலில் தேங்கும் நீராக இருக்கலாம். இரத்தக் கொதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.