சம்பளம் குறைந்ததை பி.டி.பி.டி.என்.னுக்கு யார் சொல்வது?

தொலைக்காட்சி அரங்குகளில் கல்விக் கடன் என்று பேச்சு எடுத்தாலே இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "வாங்கிய கடனைக் கட்டத்தானே வேண்டும்?" என்பது. மற்றொன்று, "கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வரவேண்டாமா?" என்பது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதால்தான் பல குடும்பங்கள் சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன. வருமானம் மாறியதைக் கடன் கொடுத்தவருக்குத் தெரிவிப்பதே அந்த வேலை.

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், மக்கள் வாயில் பி.டி.பி.டி.என்., 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியது இந்தக் கடன்தான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வீட்டுக்கு ஒருவராவது இந்தக் கடனில் படித்திருப்பார். கடனுக்கான சேவைக் கட்டணம் முன்பு கூடுதலாக இருந்தது. 2008-இல் உஜ்ரா முறை வந்தபின் அது ஆண்டுக்கு 1 விழுக்காடானது. ஆகவே வட்டி அநியாயம் என்று இன்று யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது.

மாதத் தவணை கடன் தொகையையும் கட்டவேண்டிய காலத்தையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. கடனாளியின் சம்பளத்தை வைத்து அல்ல. 30,000 வெள்ளி கடனை 15 ஆண்டுகளில் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உஜ்ராவைச் சேர்க்காமலே மாதம் ஏறக்குறைய 167 வெள்ளி வரும். 5,000 வெள்ளி சம்பளக்காரருக்கும் அதே 167 தான், கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் கிடங்கு வேலை செய்து, ஓவர்டைம் நின்றுபோன பட்டதாரிக்கும் அதே 167 தான். முன்னவருக்கு அது குடும்பத்தோடு இரண்டு முறை வெளியில் சாப்பிடும் செலவு. பின்னவருக்கு அது மோட்டார் சைக்கிள் தவணை. அவர் பேசாமல் ஓராண்டு கட்டாமல் இருந்தால் 2,000 வெள்ளி பாக்கி நின்றுவிடும்.

வெளிநாடுகளில் இதற்கு வேறு வழி கண்டார்கள். ஆஸ்திரேலியா 1989-இலேயே கல்விக் கட்டணக் கடனை வருமான வரியோடு இணைத்தது. வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பிடித்தம். வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும், யாரிடமும் போய் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிரிட்டன் 1998-இல் அதே பாதைக்கு வந்தது. அமெரிக்காவில் வருமானத்தை ஒட்டிய திட்டங்களில் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் வருமானத்தைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும். நடுவில் வேலை போனால் அந்தக் கெடு வரும்வரை காத்திராமல் மறுகணக்கு கேட்கலாம். கேட்காமல் விட்டவர்களுக்குப் பழைய தவணையே தொடரும்.

மலேசியாவிலும் இந்த முயற்சி நடந்தது. 2018 பொதுத் தேர்தலின்போது பக்காத்தான் ஹராப்பான் தன் கொள்கை அறிக்கையில், 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் கடனைத் திருப்பிச் செலுத்துவது ஒத்திவைக்கப்படும் என்று வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின், அதே ஆண்டு டிசம்பரில், 2,000 வெள்ளியும் அதற்கு மேலும் சம்பளம் பெறுபவர்களிடம் 2 முதல் 15 விழுக்காடு வரை பிடித்தம் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. கொதித்துப் போனார்கள் இளைஞர்கள். 4,000 எங்கே, 2,000 எங்கே? சில நாட்களிலேயே திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆத்திரம் நியாயமானதுதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்திட்டத்தின் அடிப்படை எண்ணம் தவறல்ல, விகிதமும் தொடக்க எல்லையும்தான் தவறாகப் போயின. வருமானத்தோடு பிடித்தமும் ஏறி இறங்கும் முறை வந்திருந்தால், சம்பளம் இறங்கியதைக் கடனாளி சொல்லவேண்டிய அவசியம் பெருமளவு குறைந்திருக்கும். அது வராமல் போனதால் சொல்லும் பொறுப்பு கடனாளியின் தலையிலேயே நின்றுவிட்டது. இதைப் பலர் உணரவில்லை.

ஏன் சொல்வதில்லை? முதல் காரணம் கூச்சம். "கடன்காரனிடம் நாமாகப் போய் தலையைக் கொடுப்பதா?" என்ற பழைய பயம். நிறுவனத்துக்குத் தெரியாதவரை நல்லது என்று நினைக்கிறார்கள். ஆனால் நிறுவனத்துக்குத் தெரிவது தவணை வரவில்லை என்பது மட்டுமே, ஏன் வரவில்லை என்பது தெரியாது. வேலை இழந்தவரும் வேண்டுமென்றே ஏமாற்றுபவரும் கணினியில் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

இரண்டாவது காரணம் முகவரி. படிக்கும்போது கொடுத்தது அப்பா அம்மா வீட்டு முகவரி. வீடு மாறிவிட்டது, அல்லது பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கடிதம் வரும், அம்மா அதைப் பத்திரமாகச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிடுவார். தீபாவளிக்குப் பிள்ளை வரும்போது நான்கு கடிதங்கள் காத்திருக்கும். கடைசியாகத் தொலைபேசி வருவது ஜாமீன் போட்ட மாமாவிடமிருந்து: "தம்பி, உன் கடனுக்கு என் பேருக்குக் கடிதம் வந்திருக்குப்பா. வயசான காலத்துல என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பிடாதே." அந்த ஒரு வார்த்தையால் குடும்பத்தில் பேச்சு நின்றுபோன கதைகள் உண்டு. ஜாமீன் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அல்ல. கடனாளி கட்டாவிட்டால் சட்டப்படி ஜாமீன்காரரிடமும் கேட்கலாம்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் விழும் பள்ளம். சம்பளப் பிடித்தம் மூலம் கட்டிக்கொண்டிருந்தவர் வேலை மாறுகிறார். பழைய முதலாளி பிடித்தத்தை நிறுத்திவிடுவார். புதிய முதலாளிக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது. சம்பளச் சீட்டில் சேமநிதி, சொக்சோ எல்லாம் இருப்பதைப் பார்த்து, இதுவும் பிடிக்கப்படுகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். பிடித்தம் ஆளோடு சேர்ந்து நகராது. புதிய வேலையில் முதல் சம்பளச் சீட்டு கிடைத்த அன்றே அதைப் பார்த்து, மீண்டும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சொன்னால் என்ன கிடைக்கும்? இரண்டு வழிகளை வேறுபடுத்திப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஒத்திவைப்பு. சில மாதங்களுக்குத் தவணையை நிறுத்தி வைப்பது. 2020-இல் கோவிட் காலத்தில் ஆறு மாத ஒத்திவைப்பு வழங்கப்பட்டது. 2023 வரவு செலவுத் திட்டத்தில், 1,800 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் வருமானம் உள்ளவர்கள் விண்ணப்பித்து ஆறு மாதம் ஒத்திவைத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. 'விண்ணப்பித்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவருக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த எல்லையும் நிரந்தரமான அளவுகோல் அல்ல. அறிவிப்பு வந்தபோது குறைந்தபட்ச சம்பளம் 1,500 வெள்ளி. 2025-இல் அது 1,700 ஆனது. ஓவர்டைம் கொஞ்சம் சேர்ந்தாலே 1,800-ஐத் தாண்டிவிடும்.

மற்றொன்று மறுசீரமைப்பு. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது. 167 வெள்ளியைப் பாதியாக்கினால் மாதச் சுமை இறங்கும், ஆனால் கட்டும் காலம் ஏறக்குறைய இரட்டிக்கும், கட்டணமும் கூடும். வேலை தற்காலிகமாகப் போனவருக்கு ஒத்திவைப்பு பொருந்தும். வருமானம் நிலையாகவே குறைந்தவருக்கு மறுசீரமைப்பு பொருந்தும். இதை மாற்றிச் செய்தால், ஒத்திவைப்பு முடிந்த அடுத்த மாதம் பழைய தவணையே வந்து நிற்கும். ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அல்ல.

சான்றுகள் இல்லாமல் வெறும் வாய்வார்த்தை எடுபடாது. அண்மைய சம்பளச் சீட்டுகள், வேலை நிறுத்தக் கடிதம், சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி வைப்பது நல்லது. வாடகைக் கார் ஓட்டுபவர், வீட்டில் கேக் செய்து விற்பவர் போன்றோருக்குச் சம்பளச் சீட்டு இராது. அவர்களுக்கு வங்கிக் கணக்குதான் சாட்சி. கையில் வாங்கும் பணத்தையும் வங்கியில் போட்டு எடுப்பது இதற்காகவாவது பழக்கமாக வேண்டும். வேலை இழந்தவர்கள் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் மறக்கக்கூடாதது. அதையும் கெடு தாண்டவிட்டு இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

"உங்கள் கடனைக் குறைத்துத் தருகிறேன், 300 வெள்ளி கொடுங்கள்" என்று சொல்லும் இடைத்தரகர்களை நம்பத் தேவையில்லை. கழகத்தின் முகப்பிலோ இணையச் சேவையிலோ கடனாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2018-இல் குடிநுழைவுத் துறையின் கருப்புப் பட்டியல் நீக்கப்பட்டது உண்மை. அதனால் கடன் நீங்கிவிடவில்லை, வழக்கு தொடுக்கும் உரிமை கழகத்திடம் இருக்கிறது.

சம்பளம் உயர்ந்தவர்களுக்கும் ஒரு சொல். தவணையைக் கூட்டிக் கட்டலாம். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்கான மீட்பு மூலம் பாக்கியை அடைக்கவும் வழி உண்டு. முதுமைக்கான பணத்தில் கைவைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருந்துவிடுவதும் நடக்கிறது. பதில் வரும்வரை பழைய தவணைதான் நடப்பில் இருக்கும். இயன்றது 50 வெள்ளியானாலும் அதைக் கட்டி, ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கழகம் ஏற்றுக்கொண்ட கடிதம் வந்ததும் அதன் ஒரு நகலை ஜாமீன் போட்ட மாமாவுக்கும் கொடுத்துவிட வேண்டும்.