தாவரமுமன்று, விலங்குமன்று

கண்டிப் பகுதியிலே சிறுபோகத்தில் நெல்வயலை மரக்கறிக்குப் பயன்படுத்தும் கமக்காரர் பலர். நன்றாக நின்ற தக்காளிச் செடி ஒரே நாளில் வாடினால், உடனே பங்கசுநாசினியை வாங்கித் தெளிப்பவரும் உளர். பெரும்பாலும் அப்பணம் வீணே. நோயை விளைத்த உயிர் எவ்வினத்தது என அறியாது மருந்து தேடுவதே காரணம்.

1735இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு உயிர்களைத் தாவரம், விலங்கு என இரு இராச்சியங்களாக வகுத்தார். இடம்பெயராத பங்கசு தாவரத்தோடு சேர்க்கப்பட்டது. அக்கருத்து நிலவிய காலத்திலேதான், 1869இல், இலங்கைக் கோப்பியிலே துருநோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாக்கிளி என்னும் அறிஞர் அவற்றிலிருந்தது புதியதொரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். ஆயினும், வானிலையும் மண்ணுமே குற்றவாளிகள் எனக் கருதிய தோட்டத்துரைமார் பலர். 1880இல் இங்கு வந்த மார்சல் உவாட்டு, காற்றிலே பரவும் நுண்ணிய வித்திகள் ஈரமான இலைமீது முளைத்து, அதன் கீழ்ப்புறத்து இலைவாய்களினூடே உட்புகுதலை நிறுவினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கண்டி மலைகளிலே கோப்பி மடிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

1969இல் அமெரிக்க அறிஞர் விற்றேக்கர் ஐந்து இராச்சியங்களை வகுத்து, பங்கசுக்குத் தனியிடம் அளித்தார். அது பொருத்தமே. பங்கசுக்குப் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே ஆக்காது, பிறவற்றிலிருந்து உறிஞ்சும். அதன் கலச்சுவரிலுள்ள கைற்றின் என்னும் பொருள் வண்டின் ஓட்டிலும் உள்ளது. உறவுமுறை பார்க்கின் அது செடியினும் விலங்குக்கே அண்மையது! பற்றீரியாவோ இவையெல்லாவற்றுக்கும் புறம்பான கூட்டம்.

வயலில் இவ்வேறுபாடு கண்கூடு. நெல்லின் எரிபந்தம் பங்கசினால் வருவது, பங்கசுநாசினிக்கு அடங்கும். இலை வெளிறல் பற்றீரியாவால் வருவது, அம்மருந்துக்கு அடங்காது. மிகையான யூரியா இரண்டையும் பெருக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் பின்வெளிறலை உண்டாக்கும் உயிர் பங்கசு போலத் தோன்றினும் பங்கசன்று. கபிலநிறக் கடற்பாசிகளின் சுற்றம். ஆதலின் காபென்டாசிம் போன்ற மருந்துகள் அதனிடம் பலிக்கமாட்டா.

வாடிய தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகளைச் சோதிக்கச் செலவில்லை. அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலே நுனி மட்டும் அமிழும்படி அசையாது பிடிக்கவும். சில நிமிடங்களில் பால்போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல். அதனைத் தீர்க்கும் தெளிமருந்து இல்லை. செடியை வேருடன் பிடுங்கி எரிக்கவேண்டும். அப்பாத்தியில் அடுத்த போகங்களில் இக்குடும்பப் பயிர்களை விலக்கி, நெல்லோ சோளமோ இடுக. அப்பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாயாதவாறு வாய்க்காலை இன்றே மாற்றிவிடவேண்டும். மண்வெட்டியையும் கழுவாமல் அங்கே கொண்டுசெல்லலாகாது.