பேரிடிக்குப் பின் மனம் வளருமா?

 டென்மார்க் தேசிய உதைபந்தாட்ட அணி 2021 ஜூன் 12 மாலை கொப்பன்ஹேகன் பார்க்கன் அரங்கில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் பின்லாந்து அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. முதற்பாதி முடியும் தறுவாயில், 29 வயதான கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அணித்தலைவர் சிமோன் கியேர் ஓடிவந்து அவருக்கு முதலுதவி செய்தார். மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து உயிரை மீட்டார்கள். அதுவரை சக வீரர்கள் வெளிமுகமாகத் திரும்பி வட்டமாக நின்று, கமராக்களிடமிருந்து அவரை மறைத்தார்கள். பலர் அழுதார்கள். மைதானத்துக்கு வந்துவிட்ட எரிக்சனின் துணைவியைக் கியேரும் கோல்காப்பாளர் காஸ்பர் ஸ்மைக்கலும் அணைத்துத் தேற்றினார்கள்.

அன்றிரவே ஆட்டம் மீண்டும் தொடங்கியது. டென்மார்க் 0-1 என்று தோற்றது. மனம் ஒப்பாத கியேர் இரண்டாம் பாதியின் நடுவிலேயே வெளியேறினார். அந்த நிலையில் வீரர்களை ஆடவிட்டது தவறு என்று பயிற்சியாளர் காஸ்பர் ஹியுல்மான்ட் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். என் எண்ணமும் அதுதான். ஆனால் அடுத்த நாட்களில் நடந்தவை கவனிக்க வேண்டியவை. வீரர்களுக்கு உளவியல் உதவி கொடுக்கப்பட்டது. அழுததை யாரும் மறைக்கவில்லை, பேச விரும்பியவர்கள் பேசினார்கள். ஆறு நாட்களில் வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய எரிக்சன், வீட்டுக்குப் போகும் முன் ஹெல்சிங்கோரில் தங்கியிருந்த அணியினரைச் சந்தித்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அந்த அணி அரையிறுதி வரை போனது.

இந்தக் கதையைப் பலரும் "துன்பம் அவர்களைப் பலப்படுத்தியது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. இதய நிறுத்தமோ, குண்டுவீச்சோ, மரணமோ யாரையும் வளர்ப்பதில்லை. பிறகு அந்த மனிதரைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் எழுவதும் எழாமற்போவதும் அமைகிறது.

உளவியலாளர்கள் இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று மீள்திறன். பேரிழப்பு நேர்ந்த பின்னும் உண்டு, உறங்கி, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்து, பெரிதாகக் குலையாமல் இருப்பது அது. அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் பொனானோ பல ஆண்டுகள் ஆராய்ந்து, இது நாம் நினைப்பதைவிட மிகச் சாதாரணம் என்று காட்டினார். துக்கம் வந்தவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சை இல்லாமலே நிமிர்கிறார்கள். கணவர் செத்து மூன்று மாதத்தில் சிரித்துப் பேசும் பெண்ணைப் பார்த்து "இவளுக்கு மனசே இல்லையா" என்று முணுமுணுப்பவர்கள் இதை அறிய வேண்டும். அவருக்குப் பாசம் குறைவு என்று பொருளில்லை.

மற்றது, பேரதிர்ச்சிக்குப் பிந்திய வளர்ச்சி. அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் என்ற இருவர் 1990களின் நடுவில் இந்தப் பெயரை வைத்தார்கள். 1996இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலையும் வெளியிட்டார்கள். பழைய நிலைக்குத் திரும்புவதோடு நில்லாமல் ஆள் மாறுவதை அது அளக்கிறது: மற்றவர்களோடு நெருக்கம் கூடுதல், புதிய வழிகள் தென்படுதல், தன் பலத்தை உணர்தல், ஆன்மிக மாற்றம், உயிரோடு இருப்பதன் அருமை தெரிதல்.

இது எப்படி நடக்கிறது? நாம் எல்லோரும் சில நம்பிக்கைகள் மேல் நிற்கிறோம். ஒழுங்காக இருப்பவனுக்கு ஒன்றும் வராது, நாளைக்கும் பொழுது விடியும், ஊரில் வீடு இருக்கும். ரொனி ஜனொஃப்-புல்மன் என்ற ஆய்வாளர் 1992இல் எழுதிய நூலில், பேரதிர்ச்சி உடைப்பது இவற்றைத்தான் என்று விளக்கினார். புயலில் விழுந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறவர் பழைய அத்திவாரம் எங்கே பலவீனமாக இருந்தது என்று பார்த்துக் கட்டுவது போல, உடைந்த நம்பிக்கைகளை மனம் மெல்ல மெல்ல வேறு விதமாகக் கட்டுகிறது. அந்த வேலை யோசனையில் நடக்கிறது.

யோசனையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் கூப்பிடாமல் வருவது. இரவு இரண்டு மணிக்கு அதே சத்தம், அதே முகம். நம்மவர்கள் "கன யோசனை, நித்திரை இல்லை" என்று வைத்தியரிடம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மற்றது, நாமே எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பது: எனக்கு என்ன நடந்தது, எது போனது, எது மிச்சம், இனி எப்படி வாழ்வேன்? முதலாவது மெல்ல இரண்டாவதாக மாறும்போதுதான் வளர்ச்சிக்கு இடம் உண்டாகிறது. அப்படி மாறுவதற்குக் காலம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், குறுக்கே பேசாமல் கேட்கும் ஒருவராவது வேண்டும்.

இந்த மூன்றும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. டென்மார்க்கின் வரலாற்றிலேயே "தமிழர் வழக்கு" என்ற பெயரில் அது பதிவாகியிருக்கிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி இங்கே வந்த தமிழர்கள் பலர் தனியாகவே வந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அவர்களை அழைத்துக்கொள்ளும் உரிமையை டென்மார்க்கின் சட்டமே கொடுத்திருந்தது. ஆனால் 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்தக் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நகர்த்தாமல் கிடப்பில் போடச் செய்தார். அதே 1987 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் தாக்குதல் நடந்தது. இங்கே அறையில் இருந்தவருக்கு அங்கே தன் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது.

உண்மை வெளிவர ஆண்டுகள் ஆயின. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. பிரதமர் பௌல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை ஒத்திவைத்தது. ஓர் அகதிச் சமூகத்துக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசே கவிழ்ந்தது என்பது சிறிய செய்தியல்ல. அநீதி நடந்தது என்று ஒரு நாடு எழுத்தில் ஒப்புக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் மனத்துக்கும் மருந்துதான். ஆனாலும் காத்திருந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

முரண் என்னவென்றால், இதே நாட்டின் கொப்பன்ஹேகன் நகரம்தான் சித்திரவதைக்கு ஆளானவர்களின் மருத்துவத்துக்கு உலகுக்கே வழிகாட்டியது. எரிக்சன் கொண்டுசெல்லப்பட்ட ரிக்ஸ்ஹொஸ்பிட்டல் வைத்தியசாலையில், மருத்துவர் இங்க கெனெஃப்கேயும் உடன் பணியாற்றியவர்களும் பல நாடுகளிலிருந்து வந்த சித்திரவதைப் பாதிப்பாளர்களைச் சேர்த்துப் பரிசோதித்தார்கள். 1982இல் அவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று அது டிக்னிட்டி என்ற பெயரில் இயங்குகிறது. ஜூன் 26ஐ சித்திரவதைக்கு ஆளானோருக்கான நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1997இல் அறிவித்ததும் டென்மார்க் முன்மொழிந்ததனால்தான்.

நம் பக்கத்தில் இதே வேலையைப் போருக்கு நடுவே செய்தவர் யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் தனி மனிதர்களை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பம், அயல், நம்பிக்கை என்ற பின்னலையே அறுக்கிறது என்று அவர் எழுதினார். அதைக் கூட்டு மனவடு என்றார். ஆகவே ஆளை அறைக்குள் அழைத்து மருந்து கொடுப்பது மட்டும் போதாது. ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் பயிற்றுவிக்க வேண்டும், சடங்குகளுக்கும் வழிபாட்டுக்கும் இடம் தர வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தியேட்டி செய்ய முடியாமல் தவித்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

டென்மார்க்கில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழ்கிறோம். ஹேர்னிங்கில் சித்தி விநாயகருக்கும் பிறாண்டில் அபிராமி அம்மனுக்கும் கோயில்கள் எழுந்தன. தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. துப்புரவு வேலை செய்து வளர்த்த பிள்ளைகள் பொறியியலாளர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். இது வளர்ச்சிதான், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் மகள் டொக்டர் ஆகிவிட்டதால் அப்பாவின் கெட்ட கனவுகள் நின்றுவிடுவதில்லை. வளர்ச்சியும் வலியும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கலாம். இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "நான் வளர்ந்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்வதும் உண்மையில் மாறியிருப்பதும் எப்போதும் ஒன்றல்ல. பற்றீசியா பிரேசியரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. சில வேளைகளில் அந்தச் சொல் தாக்குப்பிடிக்க மனம் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல். அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் வளர்ச்சியை ஒரு கடமையாக யாரிடமும் கேட்கவும் வேண்டாம். "எல்லாம் நன்மைக்கே", "இதைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்" என்பவை சொல்பவருக்குத்தான் ஆறுதல். பிள்ளையை இழந்த தாயிடம் இதைச் சொல்வது கொடுமை.

அப்படியானால் என்ன செய்வது? முதல் நாட்களில் பேச்சைவிடச் சாப்பாடு, உறக்கம், உறவினர் பற்றிய செய்தி, பாதுகாப்பான இடம் ஆகியவை முக்கியம். நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் பழைய முறை பின்னாளைய நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், மரத்துப்போன உணர்வு, சில இடங்களையும் ஆட்களையும் தவிர்த்தல், குடி அதிகரித்தல் ஆகியவை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். வன்முறைக்கு ஆளானவர்கள், நெருங்கியவரை இழந்தவர்கள் போன்ற சிலருக்கு, வைத்தியர் எழுதித் தந்தால் உளவியலாளர் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. இந்த அறிகுறிகளுக்குச் சிகிச்சை உண்டு, அது பலருக்குப் பலன் தருகிறது.

மொழி ஒரு பெரிய தடை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர்கள் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளருக்குத் தாமே பணம் கட்ட வேண்டும் என்ற விதியை 2018இல் கொண்டுவந்தார்கள். அடிபட்ட மனம் புதிய மொழியைக் கற்கத் திணறும் என்பது தெரிந்திருந்தும் இப்படிச் செய்தது சரியல்ல. அதற்காகப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா மறைத்து வைத்ததை மகன் தன் வாயால் டேனிஷில் சொல்ல நேர்வது இருவருக்கும் புதிய காயம். பணம் இல்லாவிட்டால் நம் சங்கங்களும் கோயில்களும் அந்தக் கட்டணத்தை ஏற்கலாம். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கே போதும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள்.