வண்ணத்துக்கு ஒரு கவசம்

புது மோட்டார் வண்டி வாயிலில் வந்து நின்றதும், அதன் மினுக்கத்தைக் காக்கும் கவலையும் கூடவே வந்துவிடுகின்றது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட நம் நாட்டில், பெரும் வரி செலுத்திப் பெற்ற பொருளின்மீது இக்கவலை எழுதல் இயல்பே.

இதற்கு மருந்தாகக் கூறப்படுவது பொலியூரெதேன் என்னும் பொருளாலான, கண்ணாடிபோன்ற மென்படலம். வியட்னாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டரின் சுழல் அலகுகளைக் காக்கப் பிறந்தது இது. இதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர், வண்டியின் வண்ணப்பூச்சோ பெரும்பாலும் அதனினும் மெல்லியது. தெறிக்கும் கல்லின் அடியைப் படலம் தன் நெகிழ்ச்சியால் ஏற்கும். சிறு கீறல்கள் வெயிற் சூட்டில் தாமே மறையும். ஆயின் நசுங்கலை அது தடுக்காது; காலப்போக்கில் மங்குவதால் ஒருநாள் உரித்தெடுக்கவும் வேண்டும்.

ஆகவே முடிவு, ஓடும் பாதையைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் நாளும் விரைபவர், கல் படும் முன்பக்கப் பம்பரையும் பொனற்றையும் மட்டும் போர்த்தினாற் போதும். ஊருக்குள் மெல்லச் செலுத்துபவருக்கு மெழுகுப் பூச்சும் மரநிழலற்ற கொட்டகையுமே அமையும்.

விற்பதற்காகவே காப்பதெனின், நாம் காப்பது நாளை வாங்கப்போகும் அயலவனின் வண்டியையன்றோ? கீறலுக்கு அஞ்சி வண்டியை வெளியே எடாதவன் அதற்குக் காவலாளியேயன்றி, உடையவன் அல்லன்.