பிளக்கைத் தொடாதீர்கள்!

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 630டிஎஸ் டி.வி.யில் 10 அங்குலத் திரை, 30 வால்வுகள். இன்று பரணிலிருந்து அதை இறக்குபவரின் கை முதலில் பிளக்கைத்தான் தேடும். ஆபத்தும் அங்கேதான். காலத்தால் கெட்டுப்போன ஃபில்டர் கண்டன்சர் ஷார்ட் ஆனால், மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

எனவே முதல் வேலை, சேஸிஸைக் கழற்றி ஃபில்டர் கண்டன்சர்களையும், மின்சாரம் கசியும் மெழுகுக் காகிதக் கண்டன்சர்களையும் மாற்றுவது. இன்சுலேஷன் உதிர்ந்த வயர்களுக்குப் பதிலாக அதே நிறத்தில் புதியவை. எதையும் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பிவிடும். பழைய அட்டைக் கூட்டுக்குள் புதிய கண்டன்சரை ஒளித்துவைப்பவர்களும் உண்டு: தோற்றம் மாறக்கூடாதாம்.

கடைசியில்தான் மின்சாரம், அதுவும் சிறிது சிறிதாக. ஆனால் அங்குள்ள முழுத்திறன் நிலையங்கள் 2009-லேயே அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. பிழைத்தெழுந்த பெட்டியில் படம் தெரிய, பக்கத்தில் சின்னதாக ஒரு மாடுலேட்டர் வேண்டும்.