சட்டைப்பைச் சீப்பு எந்த நாட்டுச் சரக்கு?

புதுதில்லி:

தீபாவளி நெருங்கும் வாரங்களில் தில்லி சதர் பஜாரில் நடப்பதற்கே இடம் இருக்காது. பாரா டூட்டி சௌக்கைச் சுற்றியுள்ள சந்துகளில் சுமைதூக்குவோரும் கைவண்டிகளும் மிதிவண்டி ரிக்ஷாக்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும். உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான் மாநிலங்களின் சிற்றூர்க் கடைக்காரர்கள் பொம்மை, சீப்பு, வளையல், பிளாஸ்டிக் பூமாலை என மூட்டை கட்டிக்கொண்டு போவது இங்கிருந்துதான். மின்விளக்குச் சரங்கள் வேண்டுமானால் சாந்தினி சௌக்கில் உள்ள பாகீரத் பேலஸ் சந்தைக்குப் போக வேண்டும்.

இந்தச் சந்தைகளில் "சீனா மால்" என்பது ஒரு நாட்டின் சரக்கைக் குறிப்பதைவிட ஒரு தரத்தையே குறித்து வந்தது. மலிவு, பளபளப்பு, உத்தரவாதம் இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. "ஓடினால் நிலாவரை, இல்லாவிட்டால் சாயங்காலம்வரை" என்று ஹிந்தியில் ஒரு கேலிமொழி உண்டு. கேலி பேசிக்கொண்டே மக்கள் வாங்கினர். 715 பொருள்களின் மீது எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா 2001 ஏப்ரலில் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினரானது. அதன்பின் சதர் பஜாரின் முகமே மாறிவிட்டது.

"இது சீனாவா?" என்ற கேள்வியைக் கடைக்காரர்கள் அன்றாடம் கேட்டவர்கள்தாம். முன்பெல்லாம் அதற்கு, எத்தனை நாள் உழைக்கும் என்பது பொருள். மசூத் அஸாரைப் பயங்கரவாதியாக அறிவிக்கும் முயற்சிக்கு ஐ.நா.வில் சீனா முட்டுக்கட்டை போட்ட 2016-ஆம் ஆண்டின் தீபாவளியிலிருந்து அக்கேள்விக்கு வேறு பொருள் வந்தது. அடுத்த ஆண்டு டோக்லாமில் இரு நாட்டுப் படைகளும் 73 நாள்கள் எதிரெதிரே நின்றபோது அது மேலும் உரத்தது.

2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். நாடெங்கும் எழுந்த சினம் உண்மையானது. அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. எல்லைக்குப் போக முடியாத குடிமகன் கையிலிருக்கும் காசைக்கொண்டு பதில் சொல்ல நினைப்பது இயல்பே. சூரத்தில் அடுக்குமாடி வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைக் கீழே வீசி உடைத்தனர். அம்மாத இறுதியில் மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது.

மோதலுக்குச் சில நாள்கள் முன்னரே, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய வர்த்தகர்கள் கூட்டமைப்பு சீனப் பொருள் புறக்கணிப்பு இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. 2021 டிசம்பருக்குள் சீன இறக்குமதியில் ஒரு லட்சம் கோடி ரூபாயைக் குறைப்பதே அதன் இலக்கு. அதன் பொதுச் செயலர் பிரவீண் கண்டேல்வால் 2024-இல் பாஜக சார்பில் சாந்தினி சௌக் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். சதர் பஜாரும் அத்தொகுதிக்குள்தான் அடங்குகிறது.

கணக்கு என்ன சொல்கிறது? வர்த்தக அமைச்சகப் புள்ளிவிவரப்படி, 2019-20-இல் சீனாவிலிருந்து சுமார் 6,500 கோடி டாலருக்கு இறக்குமதி நடந்தது. கொரோனாவால் நாடே முடங்கிய 2020-21-லும் ஏறத்தாழ அதே தொகைதான். இலக்கு எட்டப்பட வேண்டிய 2021-22-இல் அது 9,400 கோடி டாலரைத் தாண்டியது. 2024-25-இல் 11,300 கோடி டாலரைக் கடந்தது. அவ்வாண்டில் சீனாவுக்கு நாம் விற்றது 1,425 கோடி டாலர் அளவுக்கே. கல்வான் சம்பவம் நடந்த அதே வாரத்தில், ஒரு சீன நிறுவனத்தின் விலை உயர்ந்த செல்போன் இணையவழி விற்பனைக்கு வந்த சில நிமிடங்களிலேயே விற்றுத் தீர்ந்ததும் நினைவிருக்கலாம்.

இதை மக்களின் இரட்டை வேடம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

பட்டைக்கோடு பொய் சொல்லுமா?

புறக்கணிப்பு அலை எழும்போதெல்லாம் செல்போன்களில் ஒரு குறிப்பு சுற்றுக்கு வரும். பட்டைக்கோட்டின் முதல் மூன்று எண்கள் 690 முதல் 699 வரை இருந்தால் சீனச் சரக்கு, 890 என்றால் இந்தியச் சரக்கு என்று அது அடித்துச் சொல்லும். பலரும் அதை நம்பிக் கடையில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுண்டு. அந்த எண்கள் உணர்த்துவது, பட்டைக்கோட்டை வழங்கிய அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை மட்டுமே. சீனாவில் செய்த பொருளை இங்கே பதிவு பெற்ற நிறுவனம் தன் பெயரில் விற்றால் அதிலும் 890 என்றே இருக்கும்.

லேபிளைப் படிப்பதும் அவ்வளவு சுலபமில்லை. "மேட் இன் சைனா" என்று அச்சிட்டால் வாங்கத் தயங்குகிறார்கள் என்பதால் "மேட் இன் பி.ஆர்.சி." என்று அச்சிட்ட சரக்குகள் வந்தன. சீன மக்கள் குடியரசு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விதிப்படி குற்றமில்லை, படிப்பவருக்குத்தான் புரியாது. இணையக் கடைகள் பொருளின் பிறப்பிட நாட்டைக் காட்ட வேண்டும் என்ற எடையளவு விதி 2018 ஜனவரியிலிருந்தே நடைமுறையில் இருந்தும், அதைப் பற்றி அரசு கண்டிப்பாகப் பேசத் தொடங்கியது 2020-இல்தான். சதர் பஜாரில் கோணிப்பையில் கிலோ கணக்கில் நிறுத்து விற்கப்படும் ஹேர்கிளிப்புக்கு லேபிளே கிடையாது.

செல்போனை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் முற்றுகிறது. நாட்டில் விற்கும் செல்போன்களில் ஏறத்தாழ எல்லாமே இன்று இங்கேயே கோர்க்கப்பட்டவை. கிரேட்டர் நொய்டாவில் உள்ள சீன நிறுவனத் தொழிற்சாலையில் உத்தரப் பிரதேச இளைஞர்கள் கோர்த்த செல்போன் ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் தமிழகப் பெண்கள் கோர்த்த அமெரிக்க நிறுவனச் செல்போன் இன்னொன்று. இரண்டின் உறுப்புகளிலும் கணிசமானவை சீனாவிலிருந்து வந்தவை. இரண்டின் மீதும் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்றே இருக்கும். இவற்றில் எது சீனச் சரக்கு? 1905-இல் சுதேசி இயக்கம் எழுந்தபோது மான்செஸ்டர் துணி கண்ணுக்குத் தெரிந்த எதிரி. தெருவில் குவித்துக் கொளுத்த முடிந்தது. இன்றைய அயல்நாட்டுச் சரக்கு உள்நாட்டுப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

மருந்துக் கடையில் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகுக்கே மாத்திரை விற்கும் இந்தியா, அம்மாத்திரைகளின் மூல மருந்துப்பொருள் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சீனாவிடமிருந்து வாங்குகிறது. பென்சிலினுக்கான அடிப்படை மூலப்பொருளை ஒரு காலத்தில் நாமே தயாரித்தோம். மலிவு விலைச் சீனச் சரக்கின் முன் நிற்க முடியாமல் அந்த ஆலைகள் மூடப்பட்டன. 2020-இல் மத்திய அரசு 6,940 கோடி ரூபாயில் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்து, அதன் பயனாக ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே பென்சிலின் ஆலை மீண்டும் உற்பத்தி தொடங்கியபோது ஆண்டு 2024. மூடுவதற்குச் சில ஆண்டுகள் போதும். திறப்பதற்கு ஒரு தலைமுறை பிடிக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வாங்க நிற்கும் தாயிடம் அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றும் உண்டு. சுதந்திர தினத்தன்று தில்லி வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். இருசக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தையும் பறவைகளின் சிறகையும் அறுக்கும் நைலான் நூலுக்கு "சீன மாஞ்சா" என்று பெயர். 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை நாடு முழுவதும் தடை செய்தது. அந்த நூலில் பெரும்பகுதி இந்தியாவிலேயே தயாராவது. பெயர் மட்டும்தான் சீனம்.

குறைந்தது எப்படி?

இறக்குமதி உண்மையிலேயே சரிந்த பொருள்களும் சில உண்டு. அவற்றுள் பொம்மை முக்கியமானது. 20 சதவீதமாக இருந்த சுங்கத் தீர்வை 2020 பட்ஜெட்டில் 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் தரமுத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது என்றானது. விளைவாக 2018-19-இல் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22-இல் 11 கோடி டாலராகச் சுருங்கியது. சன்னபட்னா மரப்பொம்மை போன்ற கைவினைப் பொருள்களுக்கு விலக்கு அளித்தது நல்ல முடிவு. ஆனால் சந்துக்குள் நான்கு பேரை வைத்து பிளாஸ்டிக் பொம்மை வார்க்கும் உள்நாட்டுச் சிறு உற்பத்தியாளருக்கும் முத்திரை பெறும் செலவு சுமையானது. ஊதுவத்தியிலும் இதே கதைதான். 2019-இல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான தீர்வை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்வு.

தமிழகத்துக்கு நேரடியாகப் புரியும் எடுத்துக்காட்டு தீப்பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பெரும்பாலும் பெண்களே உழைக்கும் இத்தொழிலை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மலிவு விலை லைட்டர்கள் நசுக்கின. பீடிக்கடையில் நின்று, தீப்பெட்டித் தொழிலாளியை நினைத்து லைட்டரை வேண்டாம் என்றவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. 2022-இல் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. பின்னர் உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே கோர்க்கத் தொடங்கினர். 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றிலும் வேலை செய்தது சுங்கத்துறையின் அறிவிக்கை. கடை வாசலில் எடுத்த உறுதிமொழி அல்ல. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் வெள்ளையர் கப்பலில் ஏறாதீர் என்று சொன்னதோடு நின்றுவிடவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசின் கொள்முதலோ வேறு வழியில் சென்றது. தில்லி-மீரட் விரைவு ரயில் தடத்தில் நியூ அசோக் நகருக்கும் சாகிபாபாதுக்கும் இடையிலான சுரங்கப் பாதைக்கு 2020 ஜூனில் குறைந்த விலை கேட்டிருந்தது ஷாங்காய் நிறுவனம். சுதேசி ஜாக்ரண் மஞ்ச் கடுமையாக எதிர்த்தது. ஆசிய வளர்ச்சி வங்கி கடனளிக்கும் திட்டம் அது. நாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்க அதன் விதிகளில் இடமில்லை. 2021 ஜனவரியில் பணி அதே நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் பிரதமரே அத்தடத்தில் ரயில் சேவையைத் தொடங்கி வைத்தார். இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் உலக விதிகளைக் காரணம் காட்டும் சலுகை அரசுக்கு உண்டு. முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுத்துவிட்ட சதர் பஜார் சிறு வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கடையில்தான் தேசபக்தி பரிசோதிக்கப்படுகிறது.

புறக்கணிப்பு பலிக்கும் இடமும் உண்டு. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நாள்களில் துருக்கி பாகிஸ்தானின் பக்கம் நின்றபோது, சாகிபாபாத் மண்டியிலும் புணேயிலும் பழ வியாபாரிகள் துருக்கி ஆப்பிளை நிறுத்தினர். உதய்பூர் பளிங்குக் கல் தொழிலகத்தார் துருக்கிக் கல்லை நிறுத்தினர். ஆப்பிள் என்றால் ஆப்பிள்தான்; அதற்குள் வேறு நாடு ஒளிந்திருக்காது. இமாசலமும் காஷ்மீரும் மாற்றாக இருந்தன.

அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, ஜி.எஸ்.டி. குறைப்பு நடைமுறைக்கு வரும் முன்னாளில், பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் சுதேசிப் பொருள்களை வாங்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். சட்டைப்பையில் உள்ள சீப்பு உள்நாட்டுச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா என்பதே நமக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். தாம் விற்பது சுதேசி என்று கடைக்காரர்கள் பெருமையுடன் சொல்ல வேண்டும் என்றார். சரியான கவலைதான். சீப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் ஆவணம் வாங்குபவரிடம் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது.

அந்த உரைக்கு மூன்று வாரங்கள் முன்புதான் பிரதமர் சீனாவின் தியான்ஜின் நகரில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். 2020 முதல் நின்றிருந்த இரு நாடுகளின் நேரடி விமான சேவை அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவிலிருந்தும், நவம்பரில் தில்லியிலிருந்தும் குவாங்சௌ நகருக்கு மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாங்காக், ஹாங்காங் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், கேன்டன் வர்த்தகக் கண்காட்சி நடப்பது அந்தக் குவாங்சௌவில்தான். பொம்மைக்கும் சீப்புக்கும் விளக்குச் சரத்துக்கும் மாதிரி பார்த்து விலை பேசி முன்பணம் கட்ட உலகெங்கிலுமிருந்து மொத்த வியாபாரிகள் கூடும் இடம் அது.