சுடுகலன் துப்புரவுக் கரைப்பான்களும் உயவுப்பொருட்களும்

சுடுகலன்களைத் தூய்மை செய்து பேணுவதற்குப் பயன்படும் பொருட்கள் மூன்று வகைப்படும். குழலிலும் இயங்கு பகுதிகளிலும் படிந்த கசடைக் கரைத்து அகற்றுபவை கரைப்பான்கள். ஒன்றோடொன்று உரசும் உலோகப் பரப்புகளுக்கு இடையே உராய்வைக் குறைப்பவை உயவுப்பொருட்கள். உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக நின்று ஈரத்தைத் தடுப்பவை துருத்தடுப்பான்கள். பல கடைச்சரக்குகள் இம்மூன்று வேலைகளையும் ஓரளவு செய்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனி வேதியியல் அடிப்படையைக் கொண்டது.

எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துவது என்பதைத் துப்பாக்கியின் வகையை விட, அதில் சுடப்பட்ட தோட்டாவே முடிவு செய்கிறது. தோட்டாவுக்கு ஏற்ப எஞ்சும் கசடு மாறுகிறது. எண்ணெயில் கரையும் கசடு தண்ணீரில் கரையாது, தண்ணீரில் கரையும் உப்பு எண்ணெயில் கரையாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் துடைத்து எண்ணெய் பூசிய குழல், பார்வைக்குப் பளபளப்பாக இருந்தும் சில நாட்களில் உள்ளே துருப்பிடித்துவிடும்.

கசடின் வகைகள்

சுட்ட பின் குழலில் எஞ்சுபவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

• வெடிமருந்துக் கரி – புகையற்ற வெடிமருந்து எரிந்த பின் தங்கும் கரியும் அரைகுறையாக எரிந்த துகள்களும். மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலியக் கரைப்பான்களில் இளகும்.
• கரிமருந்துச் சாம்பல் – பொட்டாசியம் உப்புகள் மிகுந்தது. தண்ணீரில் கரையும்.
• பிரைமர் உப்பு – பழைய வகைப் பிரைமர்களில் இருந்து வரும் பொட்டாசியம் குளோரைடு. தண்ணீரில் மட்டுமே நன்கு கரையும்.
• செம்புப் படிவு – குண்டின் உலோக உறையில் இருந்து குழலின் உட்புரிகளில் ஒட்டுவது. அம்மோனியா போன்ற வேதிப்பொருட்களால் கரையும்.
• ஈயப் படிவு – உறையில்லாத ஈயக் குண்டுகளில் இருந்து வருவது. பெரும்பாலும் தேய்த்தே அகற்ற வேண்டும்.

கரிமருந்தும் தண்ணீரும்

கரிமருந்து என்பது ஏறத்தாழ 75% வெடியுப்பு, 15% மரக்கரி, 10% கந்தகம் சேர்ந்த கலவையாகும். அது எரியும்போது எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திண்மமாகவே எஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, பொட்டாசியம் சல்பைடு ஆகியவை அதில் முதன்மையானவை. இச்சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்து, எஃகை விரைவில் அரிக்கிறது. எனவே கரிமருந்துத் துப்பாக்கிகளுக்குச் சிறந்த கரைப்பான் சோப்பு கலந்த வெந்நீரே ஆகும். சூடான நீர் உப்பைக் கரைப்பதோடு குழலையும் சூடாக்குவதால், எஞ்சிய ஈரம் தானே உலர்கிறது.

கனிம எண்ணெய் கரிமருந்துச் சாம்பலுடன் சேர்ந்து தார் போல் இறுகக்கூடும். இதனால் கரிமருந்துக் காலத்தில் தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் ஆகியவையே குண்டுகளுக்குப் பூசப்பட்டன. அவை சாம்பலை இளகிய நிலையில் வைத்து, அடுத்த குண்டை எளிதில் இறக்க உதவின. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாக்களும் இவ்வாறே மசகு பூசப்பட்டவை. அதில் பசு, பன்றிக் கொழுப்பு கலந்துள்ளது என்ற செய்தி பரவியது 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்றாக அமைந்தது. சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் மசகைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அரசு பின்னர் இசைந்தும் ஐயம் தணியவில்லை.

பிரைமர் உப்பு: எண்ணெய்க்கு அடியில் துரு

1884இல் பிரான்சு நாட்டின் பால் வியெய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அதன் கசடு மிகக் குறைவு என்பதால் துருச் சிக்கல் தீர்ந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் புதிய ரைபிள்களும் துருப்பிடித்தன. பலர் புகையற்ற வெடிமருந்தில் இருந்து வரும் அமிலமே காரணம் எனக் கருதினர்.

உண்மையான காரணம் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் இருந்தது. அக்காலப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்க்கப்பட்டது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிகிறது. சமையல் உப்பை ஒத்த இந்த உப்பு, ஈரப்பதம் மிகும்போது நீரை ஈர்த்து உப்புநீர்ப் படலமாகிறது. கரிமருந்தின் மிகுதியான சாம்பலைக் கழுவியபோது அதனுடன் இந்த உப்பும் போய்விட்டதால் முன்பு இது தனியே தெரியவில்லை. தண்ணீரால் கழுவும் வழக்கம் நின்றதும் வெளிப்பட்டது. அமெரிக்கச் சுரங்கத்துறைப் பணியகம் 1922இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே இவ்வுப்பு அரிப்பை ஏற்படுத்துவதை விளக்கியது.

எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை. உப்பின் மேல் ஒரு போர்வையாக மட்டும் படிகிறது. ஆகவே இவ்வகைத் தோட்டாக்களைச் சுட்ட பின் முதலில் தண்ணீரும் அதன் பிறகே எண்ணெயும் என்பது விதியானது. பிரித்தானியப் படைவீரர்கள் லீ-என்ஃபீல்டு ரைபிளின் குழலில் புனல் வழியாகக் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மம் இவ்வுப்பை "முறிக்கும்" என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு ஓர் அமிலம் அன்று. அங்கே முறிப்பதற்கு எதுவும் இல்லை. அந்நீர்மத்தில் பயன் தருவது அதிலுள்ள தண்ணீரே.

ஈய ஸ்டிப்னேட்டு அடிப்படையிலான அரிக்காப் பிரைமர்கள் 1920களில் செருமனியில் விற்பனைக்கு வந்தன. இன்றைய வணிகத் தோட்டாக்களில் பெரும்பாலானவை இவ்வகையே. எனினும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவையும், சோவியத் ஒன்றியத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவையுமான பழைய படைத்துறைத் தோட்டாக்களில் அரிக்கும் பிரைமர் மிகுதி. தோட்டாவின் வகை ஐயமாக இருந்தால் அரிக்கும் வகை என்றே கொண்டு தண்ணீரால் கழுவுவது பாதுகாப்பானது. வாயுவால் இயங்கும் ரைபிள்களில் குழலுடன் வாயு உருளையையும் பிஸ்டனையும் கழுவ வேண்டும். குரோமியம் பூசிய குழல் அரிப்பை நன்கு தாங்கும். துருவேறா எஃகுக் குழலும் உப்பால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிபடலாம்.

செம்பும் ஈயமும்

ரைபிள் குண்டுகளின் உறை பெரும்பாலும் செம்புடன் சிறிது துத்தநாகம் சேர்ந்த உலோகக் கலவையால் ஆனது. மிகு வேகத்தில் குழலைக் கடக்கும்போது இவ்வுறை சிறிது சிறிதாக உட்புரிகளில் ஒட்டுகிறது. படிவு கூடினால் குறி பிறழும். அம்மோனியாக் கரைசல் காற்றின் ஆக்சிசனோடு சேர்ந்து செம்பைக் கரைத்து ஆழ்நீல நிறச் சேர்மத்தை உருவாக்குகிறது. துடைக்கும் துணியில் நீலம் தெரியும்வரை செம்பு எஞ்சியிருப்பதாகக் கொள்வர். பித்தளை முனையுள்ள துப்புரவுக் கம்பியைப் பயன்படுத்தினால் அதுவும் கரைந்து நீலம் காட்டும் என்பதால், இந்தச் சோதனைக்கு நைலான் முனையே ஏற்றது.

செம்பு நீக்கிகளைக் குறிப்பேட்டில் உள்ள நேரத்துக்கு மேல் குழலில் விடலாகாது. நிக்கல் பூச்சுள்ள பகுதிகளில் அம்மோனியா படாமல் காக்க வேண்டும். ஒரு செம்பு நீக்கியை முழுவதும் துடைத்தெடுக்காமல் வேறொன்றைக் குழலில் ஊற்றுவதும் தவறு.

ஈயத்தைப் பாதுகாப்பாகக் கரைக்கும் பொதுவான நீர்மம் இல்லை. ஊடுருவும் எண்ணெயில் ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் தேய்ப்பதே வழக்கம். வினிகரும் ஐதரசன் பெராக்சைடும் கலந்த கரைசல் ஈயத்தை விரைவில் கரைக்கிறது. ஆனால் அதில் உருவாகும் ஈய அசிட்டேட்டு தண்ணீரில் கரையக்கூடிய நச்சுப்பொருள். அக்கரைசல் எஃகையும் அதன் நீலப்பூச்சையும் கெடுக்கும். இதனால் அம்முறை தவிர்க்கத் தக்கது.

உயவுப்பொருள் தேர்வு

உயவுப்பொருளைத் தேர்வு செய்கையில் பகுதியின் இயக்கம், தட்பவெப்பம், பயன்பாட்டின் இடைவெளி ஆகிய மூன்றும் கருதப்படுகின்றன.

எண்ணெய் மெல்லிய இடைவெளிகளில் எளிதில் பரவும். சுழலும் அச்சுகள், விசையின் பகுதிகள், கைத்துப்பாக்கியின் சிறு பாகங்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால் வழிந்தோடவும் ஆவியாகவும் செய்யும்.

கிரீஸ் என்பது எண்ணெயை லித்தியம் அல்லது கால்சியம் சோப்பு போன்ற கெட்டிப்பொருளில் தாங்கவைத்த கலவையாகும். மிகுந்த அழுத்தத்துடன் சறுக்கும் பரப்புகளில் நிலைத்து நிற்கும். அமெரிக்காவின் எம்1 கேரண்டு ரைபிளின் போல்ட்டு, இயக்குதண்டு ஆகியவற்றுக்கு மழையில் எண்ணெய் கழுவிப்போகாமல் இருக்க கிரீஸ் வழங்கப்பட்டது.

உலர் உயவுப்பொருட்களான கிராபைட்டு, மாலிப்டினம் டைசல்பைடு ஆகியவை தூசியைக் குறைவாக ஈர்க்கும். எனினும் கிராபைட்டு ஈரத்தின் முன்னிலையில் அலுமினியத்துடன் மின்வேதி அரிப்பை உண்டாக்கும் என்பதால், அலுமினிய உடற்பகுதி கொண்ட துப்பாக்கிகளுக்கு ஏற்றதன்று.

கடுங்குளிரில் எண்ணெய் தடித்து இயக்கத்தைத் தடுக்கும். 1941 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் செருமானியப் படையின் ஆயுதங்கள் பல இவ்வாறு இயங்காமல் நின்றன. தூசி மிகுந்த இடங்களில் வெளிப்பரப்பில் தேங்கும் எண்ணெய், மணலோடு சேர்ந்து தேய்க்கும் பசையாகிறது. ஈரக் கடலோரப் பகுதிகளில் உராய்வை விடத் துருவே முதல் எதிரி. அங்கே துருத்தடுப்புச் சேர்க்கைகள் கொண்ட எண்ணெய் வேண்டும். வீட்டில் கிடைக்கும் சமையல் எண்ணெய்கள் புகையற்ற வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்குப் பொருந்தா. அவை காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்தும் போகும்.

பல்பயன் நீர்மங்கள்

தூய்மையாக்கல், உயவு, துருத்தடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே புட்டியில் தருபவை ஆங்கில முதலெழுத்துகளால் சிஎல்பி எனப்படுகின்றன. களத்தில் ஒன்றை மட்டும் சுமந்தால் போதும் என்பதே இவற்றின் சிறப்பு. வெடிமருந்துக் கரிக்கு இவை போதுமானவை. கடினமான செம்புப் படிவுக்கும் பிரைமர் உப்புக்கும் போதா.

1903 முதல் விற்கப்படும் ஹாப்பீஸ் எண் 9 ஒரு கரைப்பான். அதை உயவுக்காக விட்டுவைப்பதில்லை. செருமனியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பாலிஸ்டால் தண்ணீருடன் கலந்து பால்மமாவதால், உப்பைக் கழுவிய பின் எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச்செல்கிறது. 1953இல் உருவான டபிள்யூடி-40 ஈரத்தை விலக்குவதற்கானது. தண்ணீரால் கழுவிய குழலை உலர்த்த உதவும். நீடித்த உயவுக்கு அதன் மேல் வேறு எண்ணெய் தேவை.

வியட்நாம் போரில் எம்16

பொருத்தமான துப்புரவுப் பொருள் இல்லாததன் விளைவுக்கு எம்16 ரைபிள் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். வியட்நாமுக்கு அனுப்பப்பட்ட தொடக்க கால ரைபிள்களுடன் போதிய துப்புரவுக் கருவிகளும் உயவுப்பொருட்களும் வழங்கப்படவில்லை. அதற்கு அதிகத் துப்புரவு தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. அதே காலத்தில் தோட்டாவின் வெடிமருந்து மாற்றப்பட்டதால் கசடு கூடியது. குரோமியம் பூசப்படாத தோட்டா அறைகள் ஈரத்தில் அரிபட்டு, வெற்றுக் கூடுகள் உள்ளே சிக்கின. சண்டையின் நடுவே ரைபிள் நின்றுபோய் வீரர்கள் உயிரிழந்தனர். 1967இல் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு இதை விசாரித்தது. பின்னர் தோட்டா அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. துப்புரவுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 1968இல் ஓவியர் வில் ஐஸ்னரின் சித்திரங்களுடன் பராமரிப்புக் கையேடும் அச்சிடப்பட்டது.

அளவும் பொதுவான தவறுகளும்

குறைவான உயவைப் போலவே மிகையான உயவும் கேடு தரும்.

• தோட்டா அறையில் எண்ணெய் தேங்கினால், சுடும்போது கூடு சுவரைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் விசையைக் கூட்டும்.
• குழலில் எஞ்சிய எண்ணெய் முதல் குண்டின் போக்கை மாற்றும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
• குத்தூசி இயங்கும் துளையில் எண்ணெய் கசடோடு சேர்ந்து இறுகினால் பிரைமர் வெடிக்காமல் போகலாம்.
• ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.
• வாகன பிரேக் துடைப்பான் போன்ற கடுங்கரைப்பான்கள் சில நெகிழிகளையும் மரப்பிடியின் மெருகையும் பாழாக்கும். எண்ணெய்ப்பசை முழுவதையும் நீக்குவதால் உலோகமும் காப்பின்றி நிற்கும்.

பாதுகாப்பு

துப்புரவுக்கு முன் தோட்டாக்களை நீக்கி, தோட்டா அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைப்பது நல்லது. பகுதிகளைப் பிரிப்பதற்கும் எந்த இடத்தில் எந்த உயவு என்பதற்கும் தயாரிப்பாளரின் கையேடே அடிப்படை.

கரைப்பான்களின் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பும் புகைபிடித்தலும் இல்லாமல் பணி செய்ய வேண்டும். அம்மோனியாவுடன் குளோரின் சலவைநீர் கலந்தால் நச்சு வாயு எழும். பிரைமரிலும் குண்டிலும் உள்ள ஈயம் கசடில் இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிவதோடு, பணி முடிந்ததும் உண்பதற்கு முன் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். மரப்பிடிக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அவற்றை விரித்து உலர்த்த வேண்டும், அல்லது மூடியுள்ள உலோகக் கலத்தில் போட வேண்டும். பயன்படுத்திய கரைப்பானைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது.